அமாவாசையில் போகாதீர்கள்!

வாசகர் கேள்வி – பாஸ்டர் பதில்

போன செப்டம்பரில் கென்யாவுக்குப் போய், விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கிற சில சபைகளில் 16 நாள் வேதபாடம் நடத்திவிட்டு வந்ததை இந்தப் பக்கத்தில் நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. கோபமாக வந்ததை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதைக் கடைசிக்குத் தள்ளினால் பயந்துவிட்டேன் என்பீர்கள்.

காசிமேட்டில் குடிச்சுக் கெட்டுப்போற பசங்களைப் பார்க்க ஆள் இல்லை. நீங்க ஆப்பிரிக்காவுக்கு ஃப்ளைட் ஏறிட்டீங்க. இது ஊழியமா, ஊர் சுத்தறதா?
– ஒரு வாசகர், திருவொற்றியூர்

அண்ணே, இதே கேள்வியை என் வீட்டுக்காரம்மா உங்களுக்கு முன்னாடியே கேட்டாச்சு. அதுவும் சோறு போடும்போது.

எப்படிப் போனேன் என்று சொல்கிறேன். சென்னையில் படிக்க வந்த கென்யாப் பையன் ஒருவன் தண்டையார்பேட்டையில் ரூம் எடுத்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டுச் சத்தம் கேட்டு எங்கள் சபைக்குள் வந்தான். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. இரண்டு வருஷம் வந்தான், பாய் சுருட்டினான், ஸ்பீக்கர் தூக்கினான். அவனுடைய மாமா கிசுமு பக்கத்தில் ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் மூப்பர். "எங்க ஊர்ல பாஸ்டருங்க எல்லாம் பாதி நாள் மீன் பிடிக்கிறவங்க. பைபிள் காலேஜ் போனவங்க ரொம்பக் கம்மி. நீங்களும் மீன்காரர் வீட்டுப் பிள்ளை. வந்து சொல்லிக் குடுங்க" என்றான். கடைசி வார்த்தைதான் என்னைக் கிளப்பியது. என் அப்பா கட்டுமரத்தில் போனவர். பெரிய மேடையில் பேச என்னை எவனும் கூப்பிடமாட்டான். கூப்பிட்டால் எனக்கும் கால் நடுங்கும். மீன்காரர்களிடம் பேச என்ன நடுக்கம் என்று நினைத்தேன். நடுங்க வேண்டியது அங்கேதான் என்பது போன பிறகு தெரிந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

காசிமேட்டுப் பையன்கள் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரிதான். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வாங்க. நானும் இன்னும் மூன்று பேரும் துறைமுகத்துக்குள்ளே, வலை பின்னுகிற இடத்தில் இருப்போம். ஆள் பத்தவில்லை, நீங்கள் வந்தால் ஐந்தாவது ஆள்.

விசா, தடுப்பூசி எல்லாம் எப்படி எடுத்தீர்கள்? என் தம்பியும் ஊழியத்துக்காக அந்தப் பக்கம் போகப்போகிறான்.
– ஒரு சகோதரி, கொடுங்கையூர்

மஞ்சள் காய்ச்சல் ஊசியை முதலில் போடச் சொல்லுங்கள். நம்ம ஏரியாக்காரர்களுக்கு இது சுலபம். ராஜாஜி சாலையில் துறைமுக சுகாதார அலுவலகம் இருக்கிறது, அங்கேயே போடுகிறார்கள். 300 ரூபாய் வாங்கினார்கள். தினமும் போடமாட்டார்கள், கிழமை விசாரித்துக்கொண்டு பாஸ்போர்ட்டோடு போக வேண்டும். புறப்படுவதற்குப் பத்து நாள் முன்னாடியே போட்டிருக்க வேண்டும். மஞ்சள் கலரில் சின்னப் புத்தகம் ஒன்று தருவார்கள், அது ஆயுசுக்கும் செல்லும். போகும்போது கேட்கவில்லையே என்று பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட வேண்டாம். திரும்பி வரும்போது நம்ம ஏர்போர்ட்டில் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரைக்கும் தனியாக உட்கார வைத்துவிடுவார்கள்.

2024 ஜனவரியிலிருந்து கென்யாவுக்கு விசா இல்லை, ஆன்லைனில் முன்னனுமதி வாங்குகிற முறை. எதற்காகப் போகிறோம் என்ற இடத்தில் உள்ளதை எழுதச் சொல்லுங்கள். சுற்றுலா என்று போட்டுவிட்டுப் போய் மேடையில் ஏறி "பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக" என்று பிரசங்கம் பண்ணுகிற ஊழியக்காரர்களைப் பார்த்திருக்கிறேன்.

சென்னையிலிருந்து மும்பை, மும்பையிலிருந்து நைரோபி ஆறு மணி நேரத்துக்குக் கிட்ட. நைரோபியிலிருந்து கிசுமுவுக்குப் பஸ்ஸில் ஒரு பகல் முழுக்க. வழியில் கெரிச்சோ என்ற ஊரில் மைல் கணக்கில் தேயிலைத் தோட்டம். வால்பாறைதான் போ என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கே அவர்களுக்கு இந்தியா என்றால் தெரியுமா?
– ஒரு மாணவி, வியாசர்பாடி

நம்மை விட நன்றாகவே தெரியும். மொம்பாசாவிலிருந்து கிசுமு வரைக்கும் வெள்ளைக்காரன் போட்ட ரயில் பாதைக்கு நம்ம நாட்டிலிருந்துதான் 30,000 பேருக்கு மேல் கூலிக்குக் கொண்டுபோனான். 1896-இல் ஆரம்பித்து 1901-இல் ஏரிக்கரையைத் தொட்டார்கள். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வழியிலேயே செத்துப்போனார்கள். அந்தக் காலத்திலேயே குஜராத்திகளும் பஞ்சாபிகளும் அங்கே கடை வைத்து ஊன்றிவிட்டார்கள். அதனால் இந்தியன் என்றால் அவர்கள் மனசில் கடை முதலாளி. நான் சபைக்குள் நுழைந்ததும் ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு எந்தக் கடை?" என்று கேட்டார்கள். கடை இல்லாத இந்தியனை அவர்கள் பார்த்ததில்லை போல.

ரோட்டில் போனால் பிள்ளைகள் "முஹிந்தி, முஹிந்தி" என்று கத்திக்கொண்டே பின்னால் வரும். சுவாஹிலியில் இந்தியன் என்று அர்த்தம். மக்காச்சோளக் கதிரையும் அப்படித்தான் சொல்வார்களாம். எதைச் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது கர்த்தருக்கே வெளிச்சம். நம்ம வியாசர்பாடிப் பிள்ளைகளாக இருந்தால் இதை வைத்தே என்னை வருஷம் முழுக்கக் கலாய்த்திருப்பார்கள்.

மொழி தெரியாத ஜனத்துக்கு எப்படிப் பிரசங்கித்தீர்கள்?
– ஒரு சகோதரர், பெரம்பூர்

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நான் பேச, எங்கள் கென்யாப் பையன் லுவோ மொழியில் சொல்வான். முதல் நாள் 40 நிமிஷத்துக்குத் தயார் பண்ணிக்கொண்டு போனேன். பாதி தாண்டுவதற்குள் ஒன்றேகால் மணி நேரம் ஆகிவிட்டது. இங்கே சொன்னால் சபையே குலுங்குகிற ஜோக் ஒன்று வைத்திருந்தேன். பையன் அதை ரொம்ப மரியாதையாக மொழிபெயர்த்தான். எல்லோரும் "ஆமென்" என்றார்கள். அதோடு ஜோக்கை விட்டேன்.

நேரக் கணக்கில் மாட்டிக்கொண்டதுதான் பெரிய கூத்து. மறுநாள் போதகர்கள் கூட்டம் எத்தனை மணிக்கு என்று ஒரு மூப்பரைக் கேட்டேன். "சா தாத்து" என்றார். பக்கத்தில் இருந்த வாண்டு ஒன்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் "மூணு மணி" என்று சொல்லிவிட்டது. நான் நிம்மதியாகத் துணி துவைத்தேன், டீ குடித்தேன், பத்தரை மணிக்குப் பாயை விரித்துப் படுத்தேன். பையன் ஓடிவந்தான். "பாஸ்டர், ஒன்பது மணியிலேர்ந்து பாடிக்கிட்டே இருக்காங்க!"

அங்கே பொழுது விடிவதிலிருந்து மணி எண்ணுவார்கள். காலை ஏழு என்பது அவர்களுக்கு ஒன்று. ஒன்பது என்பது மூன்று. அப்போஸ்தலர் 2:15-ஐப் பாருங்கள், "பொழுது விடிந்து மூன்றாம்மணி வேளை". காலை ஒன்பது மணி என்று இருபது வருஷமாக நான் விளக்கம் சொல்லிக்கொண்டு வருகிற வசனம். பெந்தெகொஸ்தே நாளைப் பிரசங்கிக்கிறவன் மூன்றாம் மணி வேளையில் படுத்துத் தூங்கினான்.

நீங்கள் போதித்ததில் அவர்களுக்கு எது அதிகம் பிரயோஜனப்பட்டது? சாட்சியாக எழுதுங்களேன்.
– ஒரு மூப்பர், ராயபுரம்

ஐயா, சாட்சி கேட்கிறீர்கள். என்னிடம் இருப்பது அறிக்கை.

தகரக் கூரை போட்ட சபை. முப்பது போதகர்கள் இருப்பார்கள். எனக்கு மட்டும் கை வைத்த நாற்காலி, அதன்மேல் பூப்போட்ட துணி. அவர்கள் பெஞ்சில். பாடம் லூக்கா 5. கெனேசரேத்துக் கடலருகே சீமோன் ராமுழுதும் பிரயாசப்பட்டும் ஒன்றும் அகப்படவில்லை என்கிற இடம். ஏன் அகப்படவில்லை என்று ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். வயசான போதகர் ஒருவர் எழுந்து, "அன்றைக்கு நிலா இருந்திருக்கும்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். "அப்படி வேதத்தில் எழுதவில்லையே ஐயா" என்று சொல்லி, கையில் வைத்திருந்த நோட்டிலிருந்து மூல பாஷை விளக்கத்தை ஆரம்பித்தேன். நான் சிரித்ததைப் பார்த்து இளசுகள் நாலு பேரும் சிரித்தார்கள். பெரியவர் மெள்ள உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே நடந்த கூட்டங்களில் அன்றைக்கு ராத்திரி கேட்க வந்தவர்கள் எல்லாம் பெண்களும் பிள்ளைகளும்தான். முந்தின ராத்திரியும் அப்படியே. ஆம்பளைகளுக்கு வசனத்தில் ஆசை இல்லை போல என்று டைரியில் எழுதிக்கூட வைத்தேன்.

சாப்பிடும்போது பையன்தான் உடைத்துச் சொன்னான். அந்தக் கரையில் முக்கால்வாசிப் பேர் பிடிப்பது ஒமேனா என்கிற சின்ன மீன். நம்ம நெத்திலி மாதிரி இருக்கும். இருட்டு ராத்திரியில் தண்ணீர்மேல் விளக்கை மிதக்கவிட்டு, வெளிச்சத்துக்குக் கூட்டமாக வருகிற மீனை வளைத்துப் பிடிப்பார்கள். நிலா வெளிச்சம் இருந்தால் மீன் கூடாது. பௌர்ணமியை ஒட்டிப் பல நாள் வலை ஏறாது, ஆம்பளைகள் வீட்டில் இருப்பார்கள். "அவர் முப்பது வருஷம் ஒமேனா வலை இழுத்தவர் பாஸ்டர். இப்போ கால் சரியில்லாம கரையில இருக்காரு."

காலண்டரைப் பார்த்தேன். நான் போய் இறங்கின மறுநாள் அமாவாசை. டிக்கெட் விலை குறைவாக இருக்கிறதே என்று பிடித்த தேதி. ஆம்பளைகள் எல்லாம் வயிற்றுப்பாட்டுக்குத் தண்ணீரில் நிற்கிற வாரமாகப் பார்த்துப் போய், அவர்களுக்கு ஆசை இல்லை என்று எழுதி வைத்திருக்கிறேன். வெளியில் போய் நின்றேன். ஏரி முழுக்க விளக்கு. ராத்திரியில் காசிமேட்டிலிருந்து பார்த்தால் துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் விளக்குப் போட்டு நிற்குமே, அது மாதிரி பத்து மடங்கு.

பேதுருவின் ராத்திரியில் நிலா இருந்ததா என்று லூக்கா எழுதவில்லை என்பது உண்மைதான். ஆனால் என் அப்பா அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் அவரும் முதலில் நீரோட்டத்தைத்தான் கேட்டிருப்பார், நிலாவைத்தான் கேட்டிருப்பார். கட்டுமரக்காரன் பிள்ளைக்கு அது தோணாமல் போனதே, எந்த நோட்டு அதை மறைத்தது என்று ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் அந்த நாற்காலியைப் பெரியவருக்குப் போட்டேன். எல்லோர் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டேன். பையன் மொழிபெயர்க்கத் தயங்கினான், "சொல்லுடா" என்றேன். லூக்கா 5-ஐ அவரே முடிக்கட்டும் என்று நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ராத்திரி அகப்படாத மீன் பகலில் அகப்படுவது ஒமேனாக்காரனுக்கு எவ்வளவு நடக்காத காரியம், "உம்முடைய வார்த்தையின்படியே வலையைப் போடுகிறேன்" என்று சொல்ல எவ்வளவு வெட்கத்தை விட்டிருக்க வேண்டும், அலசிக் காயப்போட்ட வலையை மறுபடி நனைப்பது என்றால் என்ன கஷ்டம் என்று அவர் சொல்லச் சொல்ல, நேற்றுச் சிரித்த இளசுகள் எழுதிக்கொண்டார்கள். நானும் எழுதினேன். அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் அந்த ஊர்ப் போதகர் ஒருவர் முதலில் பேசுவார், கேட்டதற்கு மட்டும் நான் சொல்வேன். 1 தீமோத்தேயு முடிக்கத் திட்டம் போட்டிருந்தேன், மூன்றாம் அதிகாரத்தோடு நின்றது. போகட்டும். நான் நாளைக்கு ஃப்ளைட் ஏறிவிடுவேன். அந்தச் சபை ஜனம் செத்தால் அடக்கம்பண்ணப் போகிறவர் அவர்தான். அவரை அவர் ஜனத்துக்கு முன்னால் குள்ளமாக்கிவிட்டு வருவதற்கு ஊழியம் என்று பேர் வைக்க முடியாது.

கடைசி இரண்டு ராத்திரி பௌர்ணமி வெளிச்சம். ஆம்பளைகள் வந்தார்கள். தகரக் கூரைக்குள் இடம் போதாமல் வெளியே வலைமேல் உட்கார்ந்து கேட்டார்கள்.

காணிக்கை எவ்வளவு கொடுத்தார்கள்? கேட்கக்கூடாதுதான், ஆனாலும் கேட்கிறேன்.
– பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

கேட்க வேண்டியதுதான். ஒரு கோழி.

டிக்கெட்டுக்குப் பாதி என் சேமிப்பு, பாதி கல்ஃபில் இருக்கிற ஒரு விசுவாசி கொடுத்தது. சபைக் காணிக்கையில் கை வைக்கவில்லை, கணக்கு பொருளாளரிடம் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். அங்கே போய் யாருக்கும் பணம் தருவதாக வாக்குக் கொடுக்கவும் இல்லை, யார் வறுமையையும் போட்டோ எடுத்து அனுப்பவும் இல்லை.

கோழிக்கு வருகிறேன். அங்கே ஞாயிற்றுக்கிழமை காசு இல்லாதவர்கள் முட்டை, வாழைக்காய், கோழி என்று கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். நம்ம அறுப்பின் பண்டிகை ஏலமேதான். ஒரு அம்மா எனக்கென்று கொடுத்த கோழி, காலைக் கட்டி நாற்காலிக்குக் கீழே வைத்திருந்தார்கள், பிரசங்கம் முழுக்க எனக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. சபைக் கூரைக்கு என்று அதை ஏலத்துக்கு விட்டேன். நீங்களே ஏலம் கூறுங்கள் என்றார்கள். விடியற்காலை காசிமேட்டில் கூறுவார்களே, அந்த ராகத்தில் எடுத்துவிட்டேன். ஒரு எழுத்து புரியாமலே போட்டி போட்டு ஏற்றினார்கள். ஏலம் எந்த மொழியிலும் புரியும் போல. என் ஜோக்குக்கு வராத சிரிப்பு அன்றைக்கு வந்தது.

அங்கே மீன் விற்கும் பெண்கள் எப்படி இருக்கிறார்கள்? நானும் கல்மண்டபத்தில் கருவாடு விற்கிறவள்தான்.
– ஒரு தாய், ராயபுரம்

அம்மா, உங்களை அங்கே கொண்டுபோய் விட்டால் ஒரே நாளில் சங்கத் தலைவி ஆகிவிடுவீர்கள். மீனைப் பிடிப்பது ஆம்பளை, காயவைத்து விற்பது பெண்கள். நம்மைப் போலவேதான். ஆனால் உப்பே போடாமல் வெயிலில் காயவைக்கிறார்கள். கரையில் பழைய வலையை விரித்து அதன்மேல் பரப்புவதால் பல்லில் மணல் கடிக்கும். உகாலி என்று மக்காச்சோள மாவில் கெட்டியாகக் களி கிண்டி, உருட்டி, கட்டை விரலால் குழி பண்ணி, அந்தக் குழியில் குழம்பை அள்ளிச் சாப்பிடுவார்கள். ஆடி மாசக் கூழுக்குக் கருவாடு கடித்து வளர்ந்த நாக்குக்கு இரண்டாவது நாளே பழகிவிட்டது.

சொல்லக் கூச்சமான ஒன்றும் இருக்கிறது. மீன் குறைந்த காலத்தில், படகுக்காரனுக்குத் தன்னைக் கொடுத்தால்தான் அந்தப் பெண்ணுக்கு மீன் என்கிற கொடுமை அந்த ஏரிக்கரையில் உண்டு. அதற்கு "ஜபோயா" என்று ஒரு பேரே வைத்திருக்கிறார்கள். எய்ட்ஸ் அந்தப் பக்கம் அதிகமாகப் பரவினதற்கு இதுவும் ஒரு காரணம். சில கரைகளில் பெண்களே சேர்ந்து சொந்தப் படகு வாங்கி, ஆம்பளைகளைக் கூலிக்கு வைத்து, அதை உடைத்திருக்கிறார்கள். இதைப் பற்றிப் பேசச் சொன்னபோது நான் பேசவில்லை. அந்த ஊர்ப் பாஸ்டரம்மா பேசினார்கள். நான் வெளியே வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டேன்.

நமக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் மாதிரி, அவர்களுக்கும் ஒமேனாவுக்கு ஏப்ரலிலிருந்து சில மாதம் தடை. அந்த மாதங்களை எப்படி ஓட்டுகிறீர்கள் என்று என்னைத் துளைத்து எடுத்தார்கள். சீட்டு பிடிப்பதைச் சொன்னேன். அவர்களும் "சாமா" என்று வாரச் சீட்டு போடுகிறார்கள். சீட்டுக்காரி ஓடிப்போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் எழுதி அனுப்புங்கள், பையன் மூலமாகச் சேர்த்துவிடுகிறேன்.

அங்கே கற்றுக்கொண்ட ஒரு வார்த்தை சொல்லுங்கள்.
– ஞாயிறு பள்ளி மாணவன், எண்ணூர்

"ம்சுங்காஜி". மேய்ப்பன் என்று அர்த்தம், போதகரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்கிற 23-ஆம் சங்கீதத்திலும் அதே வார்த்தைதான். கூப்பிடும்போதெல்லாம் கொஞ்சம் திக்கென்று இருக்கும். "பாஸ்டர்" என்று கூப்பிட்டால் ஒன்றும் தோன்றாது.

மறுபடி போவீர்களா?
– ஒரு வாசகி, புதுவண்ணாரப்பேட்டை

முதலில் பெரியவர் இங்கே வருகிறார். தடைக்காலத்தில் வந்தால் நம்ம ஆம்பளைகள் எல்லாம் கரையில் இருப்பார்கள் என்று தேதியை அவரே கேட்டு முடிவு பண்ணிவிட்டார். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறார். லூக்கா 5 நம்ம சபையில் அவர்தான் எடுக்கப்போகிறார்.

அவர் கடலைப் பார்த்ததே இல்லை. அவர் ஏரி தமிழ்நாட்டில் பாதிக்கு மேல் வரும், 68,000 சதுர கிலோமீட்டருக்கு மேலே. அக்கரை தெரியாது, அலை அடிக்கும், புயலில் படகு கவிழும். அத்தனையும் நல்ல தண்ணீர். தாகம் எடுத்தால் படகிலிருந்தே கையால் அள்ளிக் குடிப்பார்கள். போன வாரம் போனில் பையனை வைத்துக்கொண்டு கேட்டார்: "உங்க தண்ணி முழுக்க உப்பாமே, நாள் கணக்கில் கடல்ல நிக்கிறவங்க என்னத்தைக் குடிப்பாங்க?" எத்தனை டிரம் தண்ணீர் ஏற்றுவோம், எத்தனை பெட்டி ஐஸ் ஏற்றுவோம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பையன் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"என்னடா சொல்றாரு?"

"பாஸ்டர் திரும்பவும் ஜோக் சொல்றாரான்னு கேக்குறாரு."